புதுச்சேரிக்கு ஒரு மேயர் வேண்டுமா?

8 ஜூன் 2024, காலை: கேள்வி

"கடலூரே மாநகராட்சி ஆகி, மேயரும் வந்து உட்கார்ந்துவிட்டார். யூனியன் பிரதேசத்தின் தலைநகரமான புதுச்சேரி இன்னும் வெறும் நகராட்சி. மேயர் என்ற பதவியே இந்த ஊருக்கு இருந்ததில்லை. இனிமேலாவது வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

8 ஜூன், மாலை

இருந்ததே இல்லை என்று யார் சொன்னது? சென்னையில் கார்ப்பரேஷன் தலைவரை 'பிரசிடெண்ட்' என்று அழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே பாகூரில் மேர் (பிரெஞ்சுக்காரர் மேயரை அழைக்கும் பெயர்) இருந்தார்.

1880 மார்ச் 12 தேதியிட்ட பிரெஞ்சு ஆணை ஒன்று இங்கே கொம்யூன்களை, அதாவது பிரெஞ்சு முறை உள்ளாட்சிகளை, உண்டாக்கியது. மொத்தம் பத்து. புதுச்சேரி பக்கம் நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். மற்றவை காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்துச் சந்திரநாகூர் பக்கங்களில். 1907இல் இது பதினேழு ஆனது. அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, நெட்டப்பாக்கம், திருபுவனை எல்லாம் அப்போது தனி கொம்யூன் ஆனவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சில், அந்தக் கவுன்சில் தன் உறுப்பினர்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஒரு மேர். ஆக ஒரு காலத்தில் பிரெஞ்சிந்தியாவில் பதினேழு மேயர்கள். இன்று ஒருவரும் இல்லை. கேள்வியை அங்கிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.

9 ஜூன், காலை

சென்னையை இழுத்தது நான்தான், அதனால் அதையும் முடித்துவிடுகிறேன். கீழே ஒருவர் "1688லேயே சென்னைக்கு மேயர் உண்டு" என்று பாய்ந்திருக்கிறார். உண்மைதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1687 சாசனப்படி, 1688 செப்டம்பர் 29 அன்று நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயராகப் பதவியேற்றார். அந்த மேயரின் முக்கிய வேலைகளில் ஒன்று நீதிமன்றம் நடத்துவது. மேயர் கோர்ட் என்றே அதற்குப் பெயர். சாக்கடைக்கும் வரிக்கும் கம்பெனி காட்டிய அக்கறையை ஊர்க்காரர்கள் எதிர்ப்போடுதான் வரவேற்றார்கள். 18ஆம் நூற்றாண்டு முடியும்போது அந்தக் கோர்ட்டும் போனது, கூடவே மேயரின் பழைய மவுசும் போனது. மறுபடி சென்னையில் 'மேயர்' என்ற பட்டம் வந்தது 1933இல், குமாரராஜா முத்தையா செட்டியாருக்கு. நடுவில் தியாகராயச் செட்டியார் போன்றவர்கள் பிரசிடெண்ட் என்ற பெயரில்தான் அந்த நாற்காலியில் இருந்தார்கள். நான் சொன்ன காலம் அதுதான்.

அப்புறம் 1973இல் கவுன்சிலைக் கலைத்தார்கள். 1996 வரை தேர்தலே இல்லை. சென்னைவாசிகள் நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன். ஆனால் 23 வருஷத்தில் அவர்கள் எழுந்துவிட்டார்கள். நம் கணக்கு வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

9 ஜூன், இரவு

மேயர் என்றால் அங்கி, கழுத்துச் சங்கிலி, செங்கோல் என்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது. தமிழ்நாட்டு மேயருக்கு அவை எல்லாம் உண்டு. ஆனால் நிர்வாகம் கமிஷனர் கையில். மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், தீர்மானம் போடுவார், ஆய்வுக்குப் போவார். கோப்பில் கடைசிக் கையெழுத்து கமிஷனருடையது. இது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன ஏற்பாடு.

பிரெஞ்சு முறையில் இந்தப் பிரிவினை கிடையாது. மேர் கவுன்சிலின் தலைவர், அவரேதான் நிர்வாகியும். பட்ஜெட்டைத் தயாரிப்பார், ஆட்களை வேலைக்கு எடுப்பார், தெருவில் எது செய்யலாம் எது கூடாது என்று உத்தரவு போடுவார். மேலே கவர்னர் இருந்தார். பட்ஜெட்டை அவர் நிறுத்தலாம், கவுன்சிலையே கலைக்கலாம். ஆனால் நடுவில் ஒரு கமிஷனர் இல்லை. இதற்கு மேல் இன்னொரு தொப்பியும் மேருக்கு உண்டு: அவர் அரசாங்கத்தின் ஆள். பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றும் எத்தா சிவில் என்ற குடிமைப் பதிவேட்டில் ஏறுவது அவர் பொறுப்பு. வாக்காளர் பட்டியல் தயாரிப்பதும் அவர் பொறுப்பு. இந்த இரண்டாவதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பல வில்லங்கங்களின் வேர் அதில்தான்.

எங்கள் பாட்டிக்கு மேரியில், அதாவது மேரின் அலுவலகத்தில், கல்யாணப் பதிவு நடந்தது. பாட்டி சொல்லிக் கேட்டது: நீளமான மேசை, பெரிய பதிவேடு, எழுதியதை ஒருவர் பிரெஞ்சில் கடகடவென்று படித்தார். இன்னொருவர் தமிழில் சம்மதமா என்று கேட்டார். பாட்டி தலையை ஆட்டினாராம். தலையாட்டினால் போதாது, வாய் திறந்து சொல்லம்மா என்றாராம் அவர். பதினாறு வயசுப் பெண், முன்னால் அத்தனை ஆம்பிளைகள், வாயே வரவில்லை. தாத்தா பக்கத்தில் நின்று முழங்கையால் இடித்த பிறகுதான் "சம்மதம்" வெளியே வந்தது. அதற்காகத் தாத்தா சாகும்வரை கேலி செய்தார். "உன் பாட்டியை யாரும் கட்டாயப்படுத்தல, நான்தான் இடிச்சேன்" என்பார்.

பிரான்சில் இருக்கும் உறவினர்களுக்கு இன்றைக்கும் அந்தப் பதிவேட்டின் நகல்தான் வாழ்வாதாரம். எங்கள் சித்தப்பா வழியில் ஒரு குடும்பத்துக்காகத் தேடப் போனேன். பழுப்பேறிய தாள், சாய்வெழுத்து, நம் ஊர்ப் பெயர்கள் எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். ஒரே மனிதரின் பெயரை மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் வக்கீல் செலவு கண்ணைக் கட்டியது.

11 ஜூன்

அக்காவைக் கட்டிய மாமா கடலூர், மஞ்சக்குப்பம். இந்த இணைய இழையைப் படித்துவிட்டு போன் பண்ணினார். "உங்க ஊர்ல பீச் இருக்கு, பிரெஞ்சு தெரு இருக்கு, சரக்கும் மலிவு. எங்களுக்கு மேயராவது இருக்கட்டுமே, அதையும் ஏன் கேக்கறீங்க?"

பதில் இல்லை என்னிடம்.

12 ஜூன், மதியம்

மேயர் பதவி வெறும் அலங்காரம், அது இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர் சொன்னால் சரி என்று விட்டுவிடலாம். புதுச்சேரிக்காரர் சொல்லக்கூடாது. இந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்ததே முனிசிபல் கவுன்சிலர்களின் ஓட்டில்தான்.

கதை 1948இல் ஆரம்பிக்கிறது. பிரெஞ்சு அரசியல் சட்டப்படி, மக்கள் சம்மதம் இல்லாமல் ஒரு நிலப்பகுதியைக் கைமாற்ற முடியாது. பொதுவாக்கெடுப்பு எப்போது, எப்படி என்பதை முனிசிபல் கவுன்சில்களைக் கேட்டு முடிவு செய்வது என்று அந்த ஆண்டு ஜூனில் இரண்டு நாடுகளும் ஒத்துக்கொண்டன. அந்த நிமிடத்திலிருந்து ஒரு சாதாரண முனிசிபல் தேர்தல் நாட்டின் தலையெழுத்தை எழுதும் தேர்தலாக மாறியது. அக்டோபரில் நடந்த அந்தத் தேர்தலில், அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர் பக்கம் இருந்த அரசியல் தலைவர் குபேரின் சோஷலிஸ்டுகள் புதுச்சேரியையும் காரைக்காலையும் அள்ளினார்கள். மாஹேயில் தேர்தலை ஒட்டிக் கலகமே வெடித்தது. சந்திரநாகூர் மட்டும் தனிவழி போனது: 1949 ஜூன் 19 வாக்கெடுப்பில் 7,473 பேர் இந்தியாவுக்கு, 114 பேர் எதிர்ப்பு. முடிந்தது வேலை.

இங்கே இழுத்துக்கொண்டே போனது. 1954இல் அதே குபேர் மறுபக்கம் தாவினார். மார்ச் 18 அன்று புதுச்சேரி மேரும் சுற்றுவட்டக் கொம்யூன்களின் மேர்களும் கவுன்சில்களும், பொதுவாக்கெடுப்பே வேண்டாம், உடனே இணைப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மாதம் முடிவதற்குள் குபேர் நெட்டப்பாக்கத்தில் போய் உட்கார்ந்து தற்காலிக அரசு என்று அறிவித்துவிட்டார். சுற்றிலும் இந்திய எல்லை, நடுவில் நெட்டப்பாக்கம். பிரெஞ்சுப் போலீஸ் அங்கே படையோடு போவது லேசில்லை.

அக்டோபர் 18, கீழூர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களுமாக 178 பேர். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. பொதுவாக்கெடுப்புக்குப் பதிலாக இதுவே மக்கள் சம்மதம் என்று பிரான்ஸ் ஏற்றது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. இரண்டு தேதிக்கும் நமக்கு லீவு உண்டு, எதற்கு லீவு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

கீழூர் நினைவிடத்துக்குப் போயிருக்கிறீர்களா? வயலுக்கு நடுவே. அன்று ஓட்டுப் போட்டவர்களின் பெயர்களை ஒருமுறை நின்று படித்துப் பாருங்கள். இன்றைய கணக்கில் வார்டு கவுன்சிலர் என்று நாம் உதட்டைப் பிதுக்கும் ஆட்கள்தான் பெரும்பாலும்.

12 ஜூன், இரவு

மதியம் எழுதியதை மறுபடி படித்தபோது, மேர்களுக்கு நான் மாலை போட்டுவிட்டது போல இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்கிறேன்.

அந்தக் கால முனிசிபல் அரசியல் அழகான விஷயம் இல்லை. வாக்காளர் பட்டியல் மேர் கையில் என்று சொன்னேன் அல்லவா? செத்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள், உயிரோடு இருந்தவர்கள் பூத்துக்குப் போனால் அடி விழுந்தது. பிரெஞ்சிந்தியத் தேர்தல் என்றாலே ரவுடி, சாராயம், கள்ள ஓட்டு என்று பாரிஸ் வரைக்கும் பெயர். மேரியைப் பிடித்தவன் அடுத்த தேர்தலையும் பிடித்தான். ஓட்டும் எல்லோருக்கும் ஒரே எடை கிடையாது. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல். சில நூறு பேரும் பல்லாயிரம் பேரும் தராசில் சமம். நடுவில் கொஞ்ச காலம், தங்கள் சாதி வழக்குச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்'களுக்கு மூன்றாவது பட்டியல். பொன்னுத்தம்பிப் பிள்ளை தலைமையில் போராடியவர்கள் அவர்கள். எதிர்ப்பக்கம் நாடு சண்முக வேலாயுத முதலியார். அந்த மோதலை எழுதினால் தனி இழையே வேண்டும்.

மேர் யார் என்பதையும் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி மேராக இருந்த ஹென்றி கெப்லே ஒரு ஆலை முதலாளி. ஆலைக்காரரே ஊருக்கும் தலைவர் என்றால் தொழிலாளி எங்கே போய் முறையிடுவான்? 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலை வாசலில் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டது அவர் காலத்துக்குப் பிறகுதான். ஆனால் ஆலையும் அதிகாரமும் கைகோத்த வழக்கம் அதற்கு முன்பே இங்கே வேரூன்றியிருந்தது.

அப்படியானால் நான் மேயர் வேண்டும் என்கிறேனா, வேண்டாம் என்கிறேனா? இன்றிரவு தெரியவில்லை.

13 ஜூன்

குபேர் என்றால் கடற்கரைச் சாலைக்குப் பெயர் கொடுத்தவரா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆமாம், அவரேதான். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். எதுவார் குபேர். புதுச்சேரிக்கு மேயராகவும் இருந்தார், 1963இல் முதலமைச்சரும் ஆனார். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா இந்தியர். மார்க்கெட்டில் மீன் வாங்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தே முப்பது வயசு ஆகிவிட்டது. அதுவரை செல்வத்துக்கு அதிபதியான குபேரன் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், மார்க்கெட் ஆயிற்றே.

15 ஜூன்

இப்போது நம் கணக்கு.

இணைப்புக்குப் பிறகும் பிரெஞ்சு முனிசிபல் ஆணைகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. மேயர்களும் இருந்தார்கள். 1968இல் ஒரு தேர்தல் நடந்தது. பிறகு 1973இல் புதுச்சேரி நகராட்சிச் சட்டமும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. 1880 ஆணையின் ஆயுள் அதோடு முடிந்தது. கொம்யூன் என்ற சொல் மட்டும் பஞ்சாயத்தின் முன்னால் ஒட்டிக்கொண்டு இன்றும் இருக்கிறது.

புதுச் சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. 1968க்கு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல். முப்பத்தெட்டு வருஷம். நடுவில் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் கட்டாயம் என்று ஆன பிறகும் 13 வருஷம் ஓட்டினார்கள். 2006இல் தேர்ந்தெடுத்த கவுன்சில்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு மறுபடி ஒன்றும் இல்லை. 2021 இலையுதிர் சமயம் தேதியே அறிவித்தார்கள், சுவரில் பெயர் எழுதவும் ஆரம்பித்தார்கள். இட ஒதுக்கீட்டை ஒட்டி வழக்கு, தேதி மாற்றம், மறுபடி வழக்கு, அப்படியே நின்றுபோனது. எங்கள் தெருமுனையில் ஒரு வேட்பாளரின் சுவரெழுத்து பாதியில் நின்றது இன்னும் இருக்கிறது. பெயர் முழுசாக இருக்கிறது, சின்னம் வருவதற்குள் தேர்தல் போய்விட்டது.

1954இல் கவுன்சிலர் ஓட்டால் நாட்டையே மாற்றிய ஊர் இது. என் மகளுக்கு 24 வயசு. பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறாள், சட்டசபைக்குப் போட்டிருக்கிறாள். தன் வார்டுக்கு ஓட்டுப் போட்டதே இல்லை. போன தலைமுறையிலும் இதே கதைதான்: என் அப்பா 1968இல் போட்டார், அப்புறம் அவர் மறுபடி போட்டபோது பேரப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

16 ஜூன்

"யார் தடுக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரு கட்சிப் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறீர்கள். ஆட்சியில் எல்லாக் கட்சியும் இருந்து பார்த்தாயிற்று. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யூனியன் பிரதேசம் முழுக்கச் சுமார் பத்து லட்சம் வாக்காளர், 30 தொகுதி. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு 33 ஆயிரம் பேர் அளவில். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, 2022 தேர்தலில் 60 லட்சத்துக்குச் சற்று மேல் வாக்காளர். ஒரு கவுன்சிலருக்கு 30 ஆயிரம் பேர். அதாவது நம் எம்.எல்.ஏ.வும் சென்னைக் கவுன்சிலரும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆட்களுக்குப் பிரதிநிதி. நம் எம்.எல்.ஏ. காலையில் என்ன செய்கிறார்? தெருவிளக்கு, வாய்க்கால், முதியோர் பென்ஷன், சாவு வீட்டில் மாலை. கவுன்சிலர் வேலையேதான். அதே 33 ஆயிரம் பேருக்குள் இன்னும் நாலைந்து கவுன்சிலர் வந்தால் அவருக்கு எதற்கு நாற்காலி? எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட மாட்டார்.

போன மழைக்கு எங்கள் வீட்டு முன் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. ஒரு அலுவலகத்துக்குப் போனேன், இது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். இன்னொன்றுக்குப் போனேன், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனால் வாசலில் நாற்பது பேர். கடைசியில் தெருக்காரர்கள் காசு போட்டு ஆள் விட்டு அள்ளினோம். மணலும் பிளாஸ்டிக் கவருமாக இரண்டு வண்டி.

அதே மழையில் கடலூரில் அக்கா தெருவிலும் தண்ணீர். கவுன்சிலருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார், பார்த்தார், போனார். தண்ணீர் வடிய அங்கேயும் நாலு நாள் ஆனது. ஆனால் அக்கா அவரை நடுத்தெருவில் நிற்க வைத்து அரைமணி நேரம் திட்டியிருக்கிறார். அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை.

19 ஜூன்

இழை கட்டடத்தின் பக்கம் திரும்பிவிட்டது, நல்லதுதான். மேரி கட்டடம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர், மேலே மர உத்திரம், பல வருஷம் ஒழுகி ஊறியது. மறுநாள் போய்ப் பார்த்தேன். கடல் பக்கம் தூண்கள் விழுந்து கல்லும் மரமும் குவியலாகக் கிடந்தன. உலக வங்கி நிதியில் அதே வடிவத்தில் திரும்பக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்துவைத்தார்.

பளிச்சென்று இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ராத்திரி விளக்குப் போட்டால் சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். மேயர் வீடா என்று என்னிடம் ஒரு பெங்களூர்க்காரர் கேட்டார். மேயர் ஆபீஸ் என்றேன். இப்போது உள்ளே இருப்பாரா என்றார். 1970களிலேயே கிளம்பிவிட்டார் என்றேன்.

22 ஜூன்

மாநகராட்சி ஆவதைப் பற்றிக் கேட்டவருக்கு. புதுச்சேரி நகராட்சியையும் உழவர்கரையையும் சேர்த்தால் ஐந்தரை லட்சத்தைத் தொடும் (2011 கணக்குப்படி உழவர்கரை 3 லட்சம், புதுச்சேரி 2.44 லட்சம்). ஆமாம், உழவர்கரைதான் பெரியது. மாநகராட்சிக்குத் தாராளமாகப் போதும். கடலூர் அதைவிடச் சின்ன ஊர்.

ஆனால் பெயரை மாற்றினால் மேயர் வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். தேர்தல் நடக்காத மாநகராட்சிக்குக் கமிஷனர் மட்டும்தான் இருப்பார், இப்போது நகராட்சிக்கு ஆணையர் இருப்பது போல. போர்டு மாறும், வரி ஏறும். முதலில் வார்டு தேர்தல் நடக்கட்டும். அது சேர்மனாக இருந்தாலும் சரி, மேயராக இருந்தாலும் சரி.

நேரடித் தேர்தலா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்ற சண்டைக்கு என் ஓட்டு: கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கட்டும். தமிழ்நாட்டில் 1996இல் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2022இல் மறைமுகம். ஆட்சிக்கு எது வசதியோ அது. இங்கே முதலமைச்சரும் துணைநிலை ஆளுநரும் அதிகாரம் யாருக்கு என்று இழுத்துக்கொண்டிருக்கும் ஊரில், நேரடியாக ஜெயித்த மூன்றாவது ஆள் வேறு வந்தால் கோப்பு எந்த மேசையில் நிற்கும் என்று யோசியுங்கள். கமிஷனருக்கும் மேயருக்கும் நடுவில் அதிகாரத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் நிஜமான கேள்வி. அதைப் பற்றி இந்த இழையில் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. சட்டம் படித்தவர்கள் யாராவது இருந்தால் 1973 சட்டத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், அங்கிருந்து பேசலாம்.